வைரஸ் அடங்கிய பிறகும் ரத்தக் குழாய்களைக் காப்பது எப்படி? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான முழு வழிகாட்டி

‘வைரஸ் தென்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு நாற்பது, ஐம்பது வயதைத் தொடுகிறவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. 2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, இந்த ஆபத்து எச்.ஐ.வி. இல்லாதவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்று கணக்கிட்டது. இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. தடுப்பதற்கான கருவிகளும் இன்று கையில் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில், எவ்வளவு, எந்த எச்சரிக்கையோடு பயன்படுத்துவது என்பதை இங்கே பார்ப்போம். எச்.ஐ.வி. உள்ளவர்கள், அவர்களைக் கவனிக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்று எழுதப்பட்டது.

ரத்தக் குழாய் ஏன் சீக்கிரம் கெடுகிறது

தொற்றின் ஆரம்ப வாரங்களிலேயே குடல் சுவரில் உள்ள சிடி4 செல்கள் (நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்கள்) பெருமளவு அழிகின்றன. குடலின் தடுப்புச் சுவர் கசியத் தொடங்குகிறது. பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தை எப்போதும் உசுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. கூட்டு மருந்து வைரஸை அடக்கினாலும் இந்த உள்ளழற்சி முழுமையாகத் தணிவதில்லை. ஐ.எல்.6, டி-டைமர் போன்ற அழற்சி, உறைவு அடையாளங்கள் பலருக்கு உயர்ந்தே நிற்கின்றன. இந்த அழற்சி ரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது. அங்கே கொழுப்பு ஒட்டுகிறது, அது வெடித்தால் கட்டி உறைகிறது.

இதன் மேல்தான் மற்ற காரணங்கள் வந்து சேர்கின்றன: புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, சில பழைய மருந்துகளின் பக்கவிளைவு, சிலருக்குக் கூடவே இருக்கும் ஹெபடைட்டிஸ் சி. சிடி4 எண்ணிக்கை ஒருகாலத்தில் 200க்குக் கீழே போனவர்களுக்கு, இன்று 700 இருந்தாலும், அந்தப் பழைய சேதத்தின் பாக்கி கொஞ்சம் இருக்கும். எனவே மருத்துவரிடம் இன்றைய சிடி4 எண்ணோடு, எப்போதாவது பதிவான மிகக் குறைந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 1: ஏ.ஆர்.டி.யை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்

மருந்தால்தான் கொழுப்பு ஏறுகிறது என்று கேள்விப்பட்டு, இதயத்தைக் காப்பதாக நினைத்து மருந்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இதைவிட ஆபத்தான முடிவு வேறில்லை. 2006இல் முடிவு வெளியான ‘ஸ்மார்ட்’ என்ற ஆய்வில் 5,472 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் சிடி4 350க்கு மேல் இருக்கும்போது மருந்தை நிறுத்தி, 250க்குக் கீழே இறங்கியதும் மீண்டும் தொடங்கினார்கள். நிறுத்தி நிறுத்தி எடுத்த அந்தப் பிரிவில்தான் மரணங்கள் கூடுதல். இதய, சிறுநீரக, கல்லீரல் பாதிப்புகளும் அங்கேதான் கூடின. கட்டுக்குள் இல்லாத வைரஸ் ரத்தக் குழாய்க்குச் செய்யும் கேடு, எந்த மாத்திரை செய்யும் கேட்டையும்விடப் பெரியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றலாம். இடைவெளி மட்டும் விடக்கூடாது.

படி 2: அளக்க வேண்டியவற்றைச் சரியாக அளப்பது

ரத்த அழுத்தம்: அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபியும் புகையும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதங்களும் தரையில் படிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதய மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். கைப்பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் பொய்யாக உயர்ந்து காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் எண்பது சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். மருத்துவமனையில் மட்டும் உயர்ந்து தெரிந்தால், வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கொழுப்பு: ஏ.ஆர்.டி. தொடங்கும் முன் ஒருமுறை, தொடங்கியோ மாற்றியோ ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. முதல் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு வகை 400ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்ப எடுக்க வேண்டும். ஏனென்றால் அந்த அளவுக்கு மேல், வழக்கமான சூத்திரத்தில் கணக்கிடும் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) எண் தவறாகிவிடும்.

சர்க்கரை: பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். சிவப்பணுக்களின் அளவும் ஆயுளும் மாறுவதால் இது நேர்கிறது. அபாகாவிர், ஜிடோவுடின் என்ற ஏ.ஆர்.டி. மருந்துகளை எடுப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். ஆகவே நோயைக் கண்டறிய வெறும் வயிற்றுச் சர்க்கரையை நம்புங்கள். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126ம் அதற்கு மேலும் இரண்டு தடவை வந்தால் நீரிழிவு.

சிறுநீரகம்: சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினோடு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி.க்கு மேல் அல்புமின் இருந்தால் ரத்தக் குழாய்களே சேதமடையத் தொடங்கியதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். ஏ.ஆர்.டி. கூட்டுகளில் வரும் டோலுடெக்ராவிர், பிக்டெக்ராவிர், கோபிசிஸ்டாட் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறி அங்கேயே நின்றுவிடும். கிரியாட்டினின் வெளியேறும் பாதையை அந்த மருந்துகள் கொஞ்சம் மறிப்பதால் வருவது அது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பதறி நல்ல மருந்தை நிறுத்திவிடக்கூடாது. ஆனால் மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால் கதை வேறு.

எடையையும் இடுப்புச் சுற்றளவையும் ஒவ்வொரு தடவையும் பதிவு செய்யுங்கள். ஆசிய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

படி 3: ஆபத்தைக் கணிப்பது, கணிப்பை எவ்வளவு நம்புவது

வயது, பாலினம், புகை, அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றைப் போட்டால், அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைச் சதவீதமாகத் தரும் கணிப்பான்கள் பல உள்ளன. எச்.ஐ.வி. உள்ளவர்களின் ஆபத்தை, குறிப்பாகப் பெண்களின் ஆபத்தை, இவற்றில் பலவும் குறைத்தே சொல்கின்றன. வரும் எண்ணை ஒன்றரை முதல் இரண்டால் பெருக்கிப் பார்க்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2019இல் யோசனை சொன்னது. துல்லியமான கணக்கு அல்ல. ஆனாலும் ‘4 சதவீதம்தானே’ என்று விட்டுவிடாமல் இருக்க உதவும்.

இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கும் கரோனரி கால்சியம் ஸ்கேனில் பூஜ்யம் வந்தாலும் முழுதாக ஆசுவாசப்பட முடியாது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் கொழுப்புப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்பு ஏறாத மென்மையான வகை. கால்சியம் ஸ்கேனுக்கு அது தெரியாது. ‘ரிப்ரீவ்’ ஆய்வின் (விவரம் படி 4இல்) ஒரு பகுதியாக, ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம் என்று கணிக்கப்பட்ட 755 பேருக்கு இதய சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தபோது, 49 சதவீதம் பேரின் இதயத் தமனிகளில் படிவு இருந்தது. அவர்களுக்கு நெஞ்சு வலி போன்ற இதய நோயின் அறிகுறி எதுவும் இல்லை.

படி 4: ஸ்டாட்டின் – யாருக்கு, எது, எவ்வளவு

ஸ்டாட்டின் என்பது ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை வகை. இந்தத் துறையில் அண்மைக் காலத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். ரிப்ரீவ் ஆய்வில் 12 நாடுகளைச் சேர்ந்த, 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேர் பங்கேற்றார்கள். எல்லோரும் ஏ.ஆர்.டி. எடுப்பவர்கள், இதய நோய் இல்லாதவர்கள். சராசரி எல்.டி.எல். ஏறக்குறைய 107தான், சாதாரணமாக யாரும் மாத்திரை எழுதாத அளவு. பாதிப் பேருக்குத் தினமும் பிட்டாவாஸ்டாட்டின் 4 மி.கி., மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2023 ஜூலையில் முடிவு வெளியானது: மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. ஆயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் 7.3 என்றிருந்தது 4.8 ஆனது. ‘எனக்குக் கொழுப்பு நார்மல்தானே, மாத்திரை எதற்கு?’ என்ற கேள்விக்கு இதுவே விடை.

2024இல் அமெரிக்காவில் வந்த பரிந்துரை: 40–75 வயது, கணிப்பு 5 முதல் 20 சதவீதத்துக்குள் என்றால் நடுத்தர வலிமை ஸ்டாட்டின் தொடங்க வேண்டும். பிட்டாவாஸ்டாட்டின் 4 மி.கி., கிடைக்காவிட்டால் அட்டார்வாஸ்டாட்டின் 20 மி.கி., அல்லது ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. ஐந்து சதவீதத்துக்குக் கீழே என்றாலும் தொடங்குவதே மேல் என்ற பக்கமே பரிந்துரை சாய்கிறது. அங்கே மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் 20 சதவீதத்தைத் தாண்டியவர்களும் அதிக வலிமையுள்ள ஸ்டாட்டினுக்கு உரியவர்கள். நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பொதுவான விதிகளே பொருந்தும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மருந்துத் தேர்வில்தான். ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் இரண்டும் சில ஏ.ஆர்.டி. கூட்டுகளில் சேர்க்கும் ‘பூஸ்டர்’ மருந்துகள். கல்லீரல் மற்ற மருந்துகளை உடைப்பதைத் தடுத்து வைப்பதே அவற்றின் வேலை. இவற்றோடு சிம்வாஸ்டாட்டினோ லோவாஸ்டாட்டினோ சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறி, தசை கரைந்து, சிறுநீரகம் செயலிழக்கலாம். இந்தக் கூட்டு அறவே கூடாது. அட்டார்வாஸ்டாட்டினைப் பூஸ்டரோடு கொடுப்பதென்றால் குறைந்த அளவில் தொடங்கி, டாருனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துடன் 20 மி.கி.யைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். லோபினாவிர், அட்டாசனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துகளுடன் ரோசுவாஸ்டாட்டினுக்கு 10 மி.கி.தான் உச்சம். ஆசியர்களின் ரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் கூடுதலாக ஏறும் என்பதால் 5 மி.கி.யில் தொடங்குவது நல்லது. பிட்டாவாஸ்டாட்டினுக்குப் பூஸ்டர்களோடு பெரிய மோதல் இல்லை. ஆனால் காசநோய்க்காக ரிஃபாம்பிசின் எடுத்தால் 2 மி.கி.க்கு மேல் கூடாது. சிறுநீரக வடிகட்டும் திறன் 60க்குக் கீழே என்றாலும் உச்சம் 2 மி.கி.தான்.

‘இயற்கையான கொழுப்பு மருந்து’ என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையில் இருக்கும் மோனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டினேதான். பூஸ்டரோடு அதையும் தொடக்கூடாது.

தொடங்கும் முன் கல்லீரல் நொதி, கொழுப்பு, சர்க்கரை பாருங்கள். 4 முதல் 12 வாரத்தில் கொழுப்பைத் திரும்பப் பாருங்கள். ரிப்ரீவில் தசைத் தொந்தரவு 2.4 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 1.4 சதவீதம் பேருக்கு. புதிதாக நீரிழிவு வந்தது ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 5.3 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4 சதவீதம். இரண்டும் உண்மையான பக்கவிளைவுகள், இரண்டும் சிறியவை. இரண்டு தோளிலும் இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி வலி வந்தால் தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், கூடவே தைராய்டையும் பாருங்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் ஸ்டாட்டினைப் பொதுவாக நிறுத்திவிடுவார்கள்.

படி 5: ஏ.ஆர்.டி. கூட்டை ஒருமுறை அலசுவது

மாத்திரை டப்பாவில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். அபாகாவிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2008இல் ‘டி.ஏ.டி.’ கூட்டாய்வு, அபாகாவிரை அண்மையில் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து 90 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. அதன்பின் சில ஆய்வுகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ரிப்ரீவின் தரவிலும் அதே தொடர்பு தெரிந்தது. இதய ஆபத்து உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கும்போது அபாகாவிரைத் தவிர்ப்பதே சரி என்பது எங்கள் துணிபு. லோபினாவிரைப் பல ஆண்டு எடுப்பவர்களும், பூஸ்டரோடு டாருனாவிரை நெடுங்காலம் எடுப்பவர்களும் மாற்று உண்டா என்று கேட்கலாம். அட்டாசனாவிரிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை.

டெனோஃபோவிரின் பழைய வடிவமான டிசோப்ராக்சில் கொழுப்பைச் சற்று இறக்கும். புதிய வடிவமான அலாஃபெனமைடுக்கு மாறினால் அந்த இறக்கம் போய்விடும், கொழுப்பு எண்கள் ஏறும். டோலுடெக்ராவிர், பிக்டெக்ராவிர் எடுப்பவர்களுக்கு எடை கூடலாம், அலாஃபெனமைடோடு சேர்ந்தால் இன்னும் கூடலாம்.

மாற்றும்போது ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. டெனோஃபோவிர், லாமிவுடின், எம்ட்ரிசிட்டபைன் மூன்றும் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் அடக்குகின்றன. ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரியாமல் டெனோஃபோவிரைக் கூட்டிலிருந்து நீக்கிவிட்டால் கல்லீரல் அழற்சி கடுமையாகக் கிளம்பும். ஆகவே ஹெபடைட்டிஸ் பி ரிப்போர்ட்டும், பழைய மருந்து எதிர்ப்பு ரிப்போர்ட்டுகளும் கையில் இல்லாமல் எந்த மாற்றமும் வேண்டாம்.

படி 6: புகை

பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். டென்மார்க்கில் 2013இல் வெளியான ஆய்வு, நல்ல சிகிச்சை பெறும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி.யால் குறையும் ஆயுள் சுமார் 5 ஆண்டு, புகையால் குறையும் ஆயுள் சுமார் 12 ஆண்டு என்று கணக்கிட்டது. வைரஸுக்குத் தினமும் தவறாமல் மாத்திரை போடுகிறவர், அதைவிட இரண்டு மடங்கு ஆயுளைப் பறிப்பதைத் தினமும் பற்றவைக்கிறார்.

நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் புகைப்பவர் 21 மி.கி. நிகோடின் பட்டையில் தொடங்கி ஆறு வாரம் ஒட்ட வேண்டும். பிறகு 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். வேட்கை எழும் நேரங்களில் நிகோடின் சூயிங்கம் கூடவே மெல்லலாம். இந்த வழி தோற்பதற்குப் பொதுவான காரணம், அளவைக் குறைத்துத் தொடங்குவதும் இரண்டே வாரத்தில் நிறுத்திவிடுவதும்தான். புகையை விட உதவும் மாத்திரைகளில், வரெனிக்ளினுக்கு ஏ.ஆர்.டி.யோடு குறிப்பிடத்தக்க மோதல் இல்லை; புப்ரோபியானின் அளவை ரிட்டோனாவிரும் எஃபாவிரென்ஸும் குறைத்துவிடும். ஒருமுறை விட்டுத் திரும்பத் தொடங்கியவர் தோற்றவர் இல்லை. பெரும்பாலோர் பல முயற்சிக்குப் பிறகே முழுதாக விடுகிறார்கள்.

படி 7: அழுத்தம், சர்க்கரை, மோதும் மருந்துகள்

ரத்த அழுத்தத்தை 130/80க்குக் கீழே வைப்பதை இலக்காகக் கொள்ளலாம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், வாரத்துக்கு 150 நிமிட வேக நடை. பூஸ்டர் எடுப்பவர்களுக்கு அம்லோடிபினை 2.5 மி.கி.யில் தொடங்க வேண்டும். வழக்கமான அளவில் தொடங்கினால் தலைசுற்றலும் கால் வீக்கமும் வரும். டெல்மிசார்ட்டன் போன்றவற்றோடு தொல்லை குறைவு.

டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு மொத்தம் 1,000 மி.கி.யைத் தாண்டக்கூடாது. கால்சியம், இரும்பு மாத்திரைகளை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிருடன் சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் ஏறாது; இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரை எடுங்கள், அல்லது இரண்டையும் உணவோடு சேர்த்து எடுங்கள்.

ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள புளூட்டிகசோன், புடசோனைடு, மூட்டில் போடும் டிரையாம்சினலோன் ஊசி ஆகியவை பூஸ்டரோடு சேர்ந்தால் உடல் முழுக்கப் பரவி, அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். காரணம் தெரியாமல் இரண்டும் திடீரென ஏறினால் இங்கே தேடுங்கள். இன்ஹேலருக்குப் பெக்லோமெதசோன் நல்ல மாற்று.

ஆஸ்பிரினை, இதய நோய் வராதவர்கள் முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டியதில்லை.

இதயத்துக்கு வெளியே

நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? காலின் தமனி அடைத்திருக்கலாம். கணுக்கால்–கை அழுத்த விகிதம் எடுத்தால் தெரிந்துவிடும். பத்து நிமிடம் படுக்கவைத்து, டாப்ளர் கருவியால் இரண்டு கைகளிலும், ஒவ்வொரு காலின் புறங்காலிலும் உள்கணுக்காலின் பின்புறமும் மேல் அழுத்தத்தை அளக்கிறார்கள். அந்தந்தக் காலின் உயர்ந்த எண்ணைக் கைகளின் உயர்ந்த எண்ணால் வகுக்க வேண்டும். கால் 108, கை 135 என்றால் 0.80. விகிதம் 0.90ம் அதற்குக் கீழும் வந்தால் அடைப்பு, 1.40க்கு மேல் என்றால் குழாய் விறைத்துப்போய் அளவே நம்பத்தக்கதல்ல.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் சிரையில் ரத்தக்கட்டியாக இருக்கலாம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, அதிலும் சிடி4 குறைவாகவோ தொற்றோடோ இருப்பவர்களுக்கு, இது கூடுதலாக வரும். அதற்குக் கொடுக்கும் ரிவராக்சபான், அபிக்சபான் இரண்டின் அளவையும் பூஸ்டர்கள் ஏற்றிவிடுவதால் ரத்தக்கசிவு வரலாம்.

இளம் வயதில், சிடி4 குறைவான ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் கொழுப்பு அடைப்பு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. காசநோய் மூளையுறை அழற்சி, சிபிலிஸ், அக்கி வைரஸ் மூன்றும் மூளைக் குழாய்களைத் தாக்கிப் பக்கவாதத்தை உண்டாக்கும். மூன்றுக்கும் தனித்தனி மருந்து இருக்கிறது.

அவசரம் வந்தால்

நெஞ்சை அழுத்தும் வலி, தாடைக்கோ கைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை துவள்வது, பேச்சு குழறுவது: எதுவானாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்சை அழையுங்கள். ‘எனக்கு வயது நாற்பதுதானே’ என்று காத்திருக்காதீர்கள்.

போகும்போது மருந்துப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்த பிறகு வழக்கமாக எழுதும் மருந்துகள் சில, ஏ.ஆர்.டி.யோடு நேராக மோதுபவை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில், பூஸ்டர் எடுப்பவரிடம் கிளோபிடோக்ரல் வலுவிழக்கும், டிகாக்ரலார் ஆபத்தாக ஏறும். அவர்களுக்குப் பெரும்பாலும் பிரசுக்ரல் பொருந்தும், முன்பு பக்கவாதம் வந்தவர்களைத் தவிர. வயிற்றுக்கென்று கூடவே எழுதும் பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் இரண்டும் ரில்பிவிரின் என்ற ஏ.ஆர்.டி. மாத்திரையை உடலில் ஏறவிடாமல் செய்துவிடும். சில வாரங்களில் வைரஸ் திரும்ப எழும். அட்டாசனாவிருக்கும் இதே சிக்கல் உண்டு. சில்டெனாஃபில் (வயாகரா) எடுத்திருந்தால், கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். அதன்மேல் நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் சேர்ந்தால் அழுத்தம் சரிந்துவிடும், பூஸ்டர் இருந்தால் சில்டெனாஃபில் உடலில் இன்னும் அதிக நேரம் தங்கும்.

கூட வந்தவர்கள் முன்னிலையில் எச்.ஐ.வி. பற்றிப் பேச வேண்டிய அவசியம் இல்லை. மாத்திரைகளின் பெயர், அளவு, எடுக்கும் நேரம், கடைசியாக எடுத்த தேதி, ஏ.ஆர்.டி. மருத்துவரின் தொடர்பு எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பணப்பைக்குள் வைத்திருங்கள். அதை மருத்துவரின் கையில் நேராகக் கொடுத்து, ‘இதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுதுங்கள்’ என்று சொன்னால் போதும். வார்டில் சேர்த்த அன்றே ஏ.ஆர்.டி. தொடர்கிறதா என்பதையும் கேட்டு உறுதி செய்யுங்கள்; அவசரத்தில் விட்டுப்போகிற முதல் மாத்திரை பெரும்பாலும் அதுதான்.